கடிவாளப் பாதை: ஒரு குடியேற்றத்தின் மலைவழி

குடியேற்ற நாடுகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பல்களின் வருகையிலிருந்தே அதனைத் தொடங்குவர். கப்பலின் பெயர், அது புறப்பட்ட துறை, வந்து சேர்ந்த நாள், அதில் வந்தோரின் தொகை ஆகியன ஏடுகளிற் பேணப்பட்டுள்ளமையே இதற்குக் காரணமாகும். ஆயின், கரையில் இறங்கிய மக்கள் தமக்கெனக் குறிக்கப்பட்ட நிலத்தை எவ்வழியாற் சென்றடைந்தனர், அவ்வழி எவ்வாறு தோன்றியது, அந்நிலம் அதற்கு முன் யாருடையதாயிருந்தது என்னும் வினாக்களுக்குக் கப்பற் பதிவேடுகள் விடை தருவதில்லை. நியூசிலாந்தின் தென் தீவிலே, லிற்றல்ரன் துறைமுகத்தையும் கிறைஸ்ற்சேர்ச் நகர் அமைந்த சமவெளியையும் பிரித்து நிற்கும் எரிமலைக் குன்றுகளின் மேலாகச் செல்லும் சிறு பாதையொன்று இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

'பிறிடில் பாத்' என ஆங்கிலத்தில் வழங்கும் அதன் பெயரைக் கடிவாளப் பாதை எனத் தமிழிற் கூறலாம். வண்டி செல்ல இயலாத, குதிரையைக் கடிவாளம் பற்றி நடத்திச் செல்லத்தக்க ஒடுங்கிய வழி என்பதே அதன் பொருளாகும். ஏறவேண்டிய உயரம் ஆயிரம் அடியைச் சற்றே விஞ்சும். உடல்வலிமையுடைய ஒருவர் ஓரிரு மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடலாம். எனினும், இலண்டனில் வரையப்பட்ட ஒரு பெருந்திட்டம் அது செயற்பட வேண்டிய நிலத்தோடு முதன்முதலாக மோதிய இடம் இச்சிறு பாதையே. அம்மோதலில் திட்டத்தின் வலுவும் வலுவின்மையும் ஒருங்கே வெளிப்பட்டன.

நெருப்பிற் பிறந்த குன்றுகள்

பாதை கடக்கும் குன்றுகள் பாங்ஸ் குடாநாட்டின் வடமேற்கு விளிம்பாகும். இக்குடாநாடு லிற்றல்ரன், அக்கரோவா என்னும் இரு பெரும் எரிமலைகளின் எச்சமாகும். அவற்றுள் மூத்ததாகிய லிற்றல்ரன் எரிமலை ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்திற் கனன்று, பின்னர் அவிந்தது. அவிந்த எரிமலையின் நடுப்பகுதியை நீரோடைகள் நெடுங்காலமாக அரித்தன. இறுதிப் பனியூழியின் பின் உயர்ந்த கடல் அப்பள்ளத்துட் புகுந்தது. இன்று கப்பல்கள் நங்கூரமிடும் துறைமுகம் இவ்வாறு உருவானதே. ஆதலாற் கரையில் இறங்கும் ஒருவர் முன் எழுந்து நிற்பது சாதாரண மலையன்று. உடைந்த எரிமலையின் உட்சுவராகும். உட்புறம் செங்குத்தாகவும் புறப்பக்கம் ஓரளவு சரிவாகவும் அமைந்திருப்பதன் காரணமும் இதுவே.

இக்குன்றுகள் ஒருகாலத்தில் கடல் சூழ்ந்த தீவாய் நின்றவை. மேற்கேயுள்ள பெருமலைத் தொடரிலிருந்து ஆறுகள் கொணர்ந்து குவித்த பரற்கற்களால் உருவாகிய சமவெளியே அத்தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. 1770ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற கப்பற்றலைவர் குக் குடாநாட்டைத் தீவென்றே தம் வரைபடத்திற் குறித்தார். அது பிழையாயினும், நெடுங்காலத்துக்கு முன் மெய்யாயிருந்த ஒன்றே. சமவெளியின் நுண்மண்ணைக் காற்று அள்ளிவந்து எரிமலைப் பாறைகளின் மேற் படையாகப் படிய வைத்துள்ளது. கோடையில் இறுகிக் கிடக்கும் இம்மண், மழை பெய்யின் வழுக்குஞ் சேறாகிவிடும். பாதை வெட்டியோரும் அதில் நடந்தோரும் பட்ட இடர்களுட் பலவற்றுக்கு இம்மண்ணே காரணமாயிற்று.

நிலவியலாளர் பாறையில் வாசித்த நெருப்பை, அந்நாட்டின் முதற்குடிகளாகிய மாவோரி மக்கள் தம் மரபுக் கதையிற் போற்றி வந்துள்ளனர். தமத்தேயா என்னும் பெருவீரன் தென்றிசைப் பயணம் முடித்து மீள்கையில், ராபாகி என்னும் இடத்துக்கு மேலுள்ள குன்றிற் கடுங்குளிர்ப் புயலில் அகப்பட்டான். நெருப்பு மூட்டும் வகையின்றி நடுங்கிய அவன் தன் முன்னோரை நோக்கி மந்திரம் ஓதினான். வட தீவின் எரிமலைகளிலிருந்து நெருப்பு விரைந்து வந்து அவனையும் அவன் கூட்டத்தாரையும் காத்தது. குன்றின்மேற் சுவர்போல் நீண்டு நிற்கும் எரிமலைப் பாறைத் தொடர் அந்நெருப்பின் தடம் எனக் கொள்ளப்படுகின்றது. ஒவ்வொரு பாறைக்கும் பெயரும் கதையும் உள்ள நிலம் வெற்றுநிலம் ஆகாது. ராபாகியிலிருந்து குன்றைக் கடந்து சமவெளிக்குச் செல்லும் வழியும் மாவோரி மக்களிடையே முன்னரே வழக்கில் இருந்தது. ஆகவே, குடியேறிகள் கடந்த குன்றுகள் மனிதர் காலடி படாதவை என எண்ணுவது வரலாற்றுக்கு முரணாகும்.

திட்டமும் அதன் கோட்பாடும்

கன்ரபரிக் குடியேற்றத்தின் பின்னணியில் நின்ற கோட்பாடு எட்வேட் கிபன் வேக்பீல்டுக்கு உரியது. செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்று மணம் புரிந்த குற்றத்துக்காகச் சிறையிலிருந்த காலத்தில், 1829இல், அவர் தம் கருத்துகளை எழுதத் தொடங்கினார். புதிய நாடுகளில் நிலம் மலிவாகக் கிடைப்பின் உழைப்பாளர் விரைவில் நிலவுடைமையாளர் ஆகிவிடுவர். முதலாளிக்குக் கூலியாள் கிடையான். ஆகவே நிலத்துக்குப் 'போதிய விலை' விதித்தல் வேண்டும்; அவ்விலை உழைப்பாளனைச் சில காலம் கூலியாகவே வைத்திருக்கும்; விற்ற பணம் மேலும் உழைப்பாளரைக் கொணரப் பயன்படும். இதுவே அவரது கோட்பாட்டின் சாரம்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்தின் இறுதி அதிகாரம் இக்கோட்பாட்டையே ஆராய்கின்றது. மூலதனம் என்பது பொருளன்று, மனிதரிடையே நிலவும் ஓர் உறவு என்னும் உண்மையை வேக்பீல்ட் தம்மையறியாமலே குடியேற்ற நாடுகளிற் கண்டுவிட்டார் என்பது மார்க்சின் கருத்தாகும். நிலமற்ற உழைப்பாளர் இயல்பாகத் தோன்றுவதில்லை; அவர் ஆக்கப்படுகின்றனர் என்பதை வேக்பீல்டின் திட்டமே ஒப்புக்கொள்கின்றது.

1848ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனில் நிறுவப்பட்ட கன்ரபரிச் சங்கம் இக்கோட்பாட்டை ஆங்கிலத் திருச்சபையின் இலட்சியத்தோடு இணைத்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் யோன் ரொபேட் கொட்லி. தேவாலயமும் கல்லூரியும் நிலப்பிரபுவும் உழைப்பாளரும் உரிய வரிசையில் அமைந்த ஓர் ஆங்கிலச் சமுதாயத்தை அப்படியே பெயர்த்து நடுவதே நோக்கமாயிருந்தது. ஏக்கர் ஒன்றின் விலை 3 பவுண் எனக் குறிக்கப்பட்டது. அதில் நிலத்துக்கு 10 சிலிங்கும், அளவை முதலிய பணிகளுக்கு 10 சிலிங்கும், ஆட்களைக் கொணர்வதற்கு 1 பவுணும், சமயத்துக்கும் கல்விக்கும் 1 பவுணும் ஒதுக்கப்பட்டன. நிலம் வாங்கியோர் 'குடியேற்றக்காரர்' எனவும், உதவிப் பயணம் பெற்ற உழைப்பாளர் 'குடிபெயர்ந்தோர்' எனவும் வேறுபடுத்தப்பட்டனர். கப்பலிலும் அவ்வேறுபாடு பேணப்பட்டது. முன்னவர் அறைகளிலும் பின்னவர் கீழ்த்தளத்திலும் பயணஞ் செய்தனர்.

நிலம் பெறப்பட்ட வகை

விற்கப்பட்ட நிலம் எவ்வாறு கிடைத்தது என்பதை நோக்குதல் இன்றியமையாதது. தென் தீவின் பெரும்பகுதி ஙாய் தாகு என்னும் மாவோரிக் குலத்தாருக்கு உரியதாயிருந்தது. 1830களின் தொடக்கத்தில் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் அவர்கள் நலிவுற்றிருந்தனர். ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களும் அவர்கள் தொகையைக் குறைத்திருந்தன. 1848ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள் அக்கரோவாவில் கெம்ப் என்னும் அரச அலுவலர் முன்னிலையில் 40 தலைவர்கள் ஒப்பமிட்ட உறுதிவழி, ஒரு கோடியே முப்பது இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 2,000 பவுணுக்கு முடியரசு பெற்றுக்கொண்டது. கணக்கிட்டு நோக்கின், ஒரு பென்னிக்கு ஏறத்தாழ 28 ஏக்கர் வீதம் இந்நிலம் வாங்கப்பட்டமை தெளிவாகும். சங்கம் விதித்த 3 பவுண் விலையில், நிலத்துக்கென ஒதுக்கிய 10 சிலிங்கை மாத்திரம் எடுத்துக்கொண்டாலும் அது வாங்கிய விலையின் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்டதாகும். துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுநிலம் அடுத்த ஆண்டு ஒகஸ்ற் மாதத்தில் வோல்ரர் மான்ரெல் வாயிலாக 200 பவுணுக்குப் பெறப்பட்டது. கடிவாளப் பாதையின் துறைமுகச் சரிவு இந்நிலத்தைச் சார்ந்தது.

விலையினும் பெரிய சிக்கல் மொழியினால் விளைந்தது. மாவோரி மொழியில் எழுதப்பட்ட கெம்ப் உறுதியில், விற்போரின் உறைவிடங்களும் 'மஹிங்கா காய்' எனப்படும் இடங்களும் குறைவுறாது அவர்களுக்கே விடப்படும் எனக் கூறப்பட்டது. மஹிங்கா காய் என்பது உணவு தேடும் இடம் அனைத்தையும் குறிக்கும்: விலாங்கு பிடிக்கும் ஓடை, பறவை வேட்டையாடும் காடு, கிழங்கு அகழும் நிலம், சிப்பி பொறுக்கும் கரை யாவும் அதில் அடங்கும். ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல் பயிர்செய் நிலம் என்னும் பொருளிற் குறுக்கப்பட்டது. மான்ரெல் ஒதுக்கிய நிலம் 6,359 ஏக்கர் மாத்திரமே. ஆளொன்றுக்குப் பத்து ஏக்கர் அளவினது. சதுப்புகளிலும் ஆறுகளிலும் உணவு தேடி வாழ்ந்த மக்களுக்குப் பத்து ஏக்கர் நிலம் வாழ்வாதாரமாகாது. 1849ஆம் ஆண்டிலேயே மத்தியாஹா திராமோரெஹு என்னும் தலைவர் இதனை எதிர்த்து முறையீட்டுக் கடிதம் எழுதினார். குடியேற்றக் கப்பல்கள் புறப்படுவதற்கு முன்னரே அம்முறையீடு எழுந்துவிட்டமை கருத்திற் கொள்ளத்தக்கது.

பாதை வெட்டப்பட்ட வரலாறு

சங்கத்தின் தலைமை நில அளவையாளராக முன்னரே அனுப்பப்பட்டவர் கப்டன் யோசப் தோமஸ். துறைமுகத்தின் தலைப்பகுதியில் நகரை அமைத்தல் என்பது முதலெண்ணம். அங்கு போதிய சமநிலம் இல்லாமையாற் குன்றுகளுக்கு அப்பாலுள்ள சமவெளிக்கு நகர் மாற்றப்பட்டது. இம்மாற்றத்தினாலேயே துறைமுகத்துக்கும் நகருக்கும் இடையே எரிமலைச் சுவர் குறுக்கிட்டது.

தோமஸ் இதற்குத் தீர்வாகச் சம்னர் வழியாக வண்டிப் பாதையொன்றை அமைக்கத் தொடங்கினார். ஐரோப்பியத் தொழிலாளரோடு மாவோரித் தொழிலாளரும் அப்பணியில் ஈடுபட்டனர். துறைமுகத்தில் இறங்குதுறையும் குடியேறிகள் தங்கும் கொட்டகைகளும் எழுந்தன. ஆனால் இலண்டனில் நிலவிற்பனை எதிர்பார்த்தவாறு நடைபெறவில்லை. 1850ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வந்து சேர்ந்த கொட்லி, கையிருப்பை விஞ்சிச் செலவாகியிருப்பதைக் கண்டு பணிகளை நிறுத்துமாறு கட்டளையிட்டார். வண்டிப் பாதை கடினமான பாறைப் பகுதியை எட்டு முன்னரே இடைநின்றது. கப்பல்கள் வரும் காலமோ அண்மித்தது. ஆகவே குன்றின்மீது நேரே ஏறி இறங்கும் ஒடுங்கிய வழியொன்று விரைவாக வெட்டப்பட்டது. அதுவே கடிவாளப் பாதை. பின்னாளிற் பெருமையோடு போற்றப்படும் இப்பாதை திட்டத்தில் இடம்பெற்றதன்று. திறைசேரி வெறுமையாகியதன் விளைவாகும்.

மலை கடந்தோர்

1850ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் சாலற் யேன், ரான்டொல்வ் என்னும் இரு கப்பல்கள் துறைமுகத்தை அடைந்தன. மறுநாள் சேர் ஜோர்ஜ் சீமூர் என்பதும், 27ஆம் நாள் கிறெசி என்பதும் வந்து சேர்ந்தன. 'முதல் நான்கு கப்பல்கள்' என அந்நாட்டு வரலாற்றிற் பெயர்பெற்றவை இவையே. ஏறத்தாழ நூறு நாட் கடற்பயணத்தின் பின் கரையிறங்கியோர் முன் எழுந்து நின்றது குன்று. பாரமான பொருட்கள் சிறு படகுகளில் ஏற்றப்பட்டுக் குடாநாட்டின் முனையைச் சுற்றி, சம்னரின் மணற்றடையைக் கடந்து, ஆற்றின் வழியே கொண்டு செல்லப்பட்டன. அவ்வழி இடர் நிறைந்ததும் செலவு மிக்கதுமாகும். மனிதர் நடந்தே சென்றனர். கையிற் கொண்டு செல்லக்கூடியவற்றைச் சுமந்தும் குழந்தைகளைத் தூக்கியும் கோடை வெயிலில் ஏறினர்.

திட்டத்தின் சமூக வரிசை இங்கு முதற்சோதனைக்கு உள்ளாயிற்று. கப்பலில் அறை வேறு, கீழ்த்தளம் வேறு. குன்றிலோ வழி ஒன்றே. வண்டி செல்லாத பாதையில் வண்டி வைத்திருப்பவருக்கும் சிறப்பில்லை. இதனாற் சமத்துவம் பிறந்துவிட்டது எனக் கூறுவது மிகையாகும். உச்சியைக் கடந்து இறங்கியதும் ஒருவர் தமக்குரிய நிலத்தைத் தெரிவுசெய்யவும் மற்றவர் கூலி தேடவும் சென்றனர். ஆயினும், வரிசைகள் யாவும் நிலத்தில் வழி அமைத்தபின்னரே நிலைபெறும் என்பதை அக்குன்று உணர்த்திற்று எனலாம்.

உச்சியை அடைந்தோர் கண்டது அகன்ற சமவெளியும், அதன் எல்லையில் வெண்பனி போர்த்த மலைத்தொடரும் ஆகும். வரைபடத்தில் தேவாலயமும் சதுக்கமும் வீதிகளும் அழகுற அமைந்திருந்தன. கண்முன் கிடந்ததோ புல்லும் சதுப்பும் வளைந்தோடும் ஆறுகளுமே. 1843ஆம் ஆண்டு முதல் அங்கு பயிர்செய்து வந்த டீன்ஸ் சகோதரரின் பண்ணையும் அதனருகே எஞ்சிநின்ற சிறு காடும் தவிரக் குடியிருப்பின் அடையாளம் அரிதாகவே இருந்தது. வெறுமை எனக் குடியேறிகள் கருதிய அச்சதுப்புகளே ஙாய் தாகு மக்களின் உணவுக் களஞ்சியங்கள் என்பது அவர்களுட் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே காட்சியில் ஒருவர் இன்மையையும் மற்றவர் நிறைவையும் காண்பதே குடியேற்ற வரலாற்றின் அடிப்படை முரண்பாடாகும்.

சாலற் யேன் கப்பலில் வந்து நாட்குறிப்பு எழுதிய எட்வேட் வார்ட் என்னும் இளைஞர், 1851ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தம் இளையவரோடு அத்துறைமுகத்திலேயே மூழ்கி இறந்தார். பாதை வெட்டிய தோமசும் கொட்லியோடு ஏற்பட்ட பிணக்கின் விளைவாக 1851ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பதவியிழந்தார். புதிய நாட்டின் முதலாண்டு, திட்டமிட்டோருக்கும் நம்பி வந்தோருக்கும் எளிதாக அமையவில்லை.

பாதைக்குப் பின்

வேக்பீல்டின் கோட்பாடும் நெடுநாள் நிலைக்கவில்லை. 3 பவுண் கொடுத்துப் பயிர்நிலம் வாங்குவதிலும் பரந்த புல்வெளியைக் குத்தகைக்குப் பெற்று ஆடு வளர்ப்பதே ஊதியம் தருவதாயிற்று. சில ஆண்டுகளிற் சங்கம் தன் பணியை முடித்துக்கொள்ள, அதன் உடைமைகளும் கடன்களும் மாகாண அரசின் பொறுப்பாயின. ஆட்டு மயிர் ஏற்றுமதி பெருகியபோது குதிரைப் பாதை போதாததாயிற்று. இடைநின்ற சம்னர்ப் பாதை 1857ஆம் ஆண்டு ஒருவாறு நிறைவெய்தியது. மாகாணத்தின் முதல் மேலாளரான பிற்ஸ்ஜெரல்ட் ஒகஸ்ற் மாதத்திற் சிறுவண்டியொன்றைத் தாமே செலுத்தி அதனைத் திறந்துவைத்தார்.

அவருக்குப் பின் வந்த மூர்ஹவுஸ் எரிமலைச் சுவரைத் துளைத்தே புகையிரதம் செல்லவேண்டும் எனத் துணிந்தார். 1861இல் வேலை தொடங்கியது. முதலில் அமர்த்தப்பட்ட ஆங்கில ஒப்பந்தக்காரர் பாறையின் கடுமையைக் கண்டு விலக, மெல்பேணைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹோம்ஸ் பணியை ஏற்றார். எரிமலைக் குழம்பு படைபடையாய் இறுகிய அமைப்பை யூலியஸ் வொன் ஹாஸ்ற் என்னும் நிலவியலாளர் சுரங்கத்தினுள்ளே நுணுகி ஆராய்ந்தார். 2.6 கிலோமீற்றர் நீளமான அச்சுரங்கத்தினூடே 1867ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் பயணிகள் புகையிரதம் ஓடியது. ஏறி இறங்கவேண்டிய குன்று சில நிமிட இருளாக மாறிற்று. அன்றோடு கடிவாளப் பாதை வாழ்வுத் தேவையினின்று நீங்கி நினைவுப் பொருளாயிற்று.

நினைவும் நீதியும்

பயன் ஒழிந்த வழிகள் மறையாது நிற்பின் அவை நினைவுச் சின்னங்களாகின்றன. 1940ஆம் ஆண்டு, நியூசிலாந்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, பாதையின் உச்சியிற் குடியேறி வந்த பெண்களின் நினைவாகக் கல்மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. ஏடுகளிற் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இடம்பெற்ற காலத்தில், குழந்தைகளைச் சுமந்து மலையேறிய பெண்களை நினைவுகூர்ந்தமை பாராட்டுக்குரியதே. ஆயினும் ஒரு மலையில் ஒரு மக்களின் நினைவு மாத்திரம் கல்லில் நிற்க, மற்றொரு மக்களின் முறையீடு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தலைமுறை தலைமுறையாக அலைந்தது. 1868இல் கூடிய நிலநீதிமன்றமும் மஹிங்கா காய் என்பதற்குக் குறுகிய பொருளையே ஏற்றது. 1986இல் வைத்தாங்கி நடுவர் மன்றின் முன் ஙாய் தாகு மக்கள் தம் வழக்கை வைத்தனர். 1991இல் வெளிவந்த மன்றின் அறிக்கை அவர்தம் முறையீடுகளுட் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. 1998இல் நிறைவேறிய தீர்வுச் சட்டத்தின்வழி முடியரசு தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியதோடு, 17 கோடி நியூசிலாந்து டொலரையும் ஈடாக வழங்கியது. முதல் முறையீட்டுக் கடிதத்துக்கும் இத்தீர்வுக்கும் இடைப்பட்ட காலம் 149 ஆண்டுகள்.

நிலமும் தன் பங்குக்கு வரலாற்றை இடைமறித்தது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் அக்குன்றுகளின் அடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தினால் 185 பேர் உயிரிழந்தனர். கிறைஸ்ற்சேர்ச்சின் தேவாலயம் உட்படக் குடியேறிகள் கல்லில் எழுப்பிய கட்டடங்கள் பல சிதைந்தன. அவிந்த எரிமலை இதற்குக் காரணமன்று; நிலத்தடியில் மறைந்துகிடந்த பிளவே காரணமாகும். குன்றுகளிலிருந்து பாறைகள் பெயர்ந்து வீழ்ந்தமையால் மலைப்பாதைகள் மூடப்பட்டன. கடிவாளப் பாதை பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது.

1964ஆம் ஆண்டு குன்றினூடே வாகனங்களுக்கென வேறொரு சுரங்கம் அமைக்கப்பட்டது. அதனுள் நடந்து செல்வோருக்கு இடமில்லை. லிற்றல்ரனிலிருந்து சமவெளிக்குக் கால்நடையாகச் செல்ல விரும்பும் ஒருவர் இன்றும் குன்றையே ஏறவேண்டும். அவ்வாறு ஏறுவோர் முதல் நான்கு கப்பல்களில் வந்தோரின் உழைப்பை நினைவுகூர்தல் முறையே. அவர்களுட் பலர் வறுமையினின்று தப்பி வந்த எளியோர். நில விலையை விதித்தோரும் அல்லர், உறுதியின் சொற்களைத் திரித்தோரும் அல்லர். ஆயினும் அவர் நடந்த பாதை வெற்றிடத்தில் வெட்டப்பட்டதன்று. அதன் ஒரு முனையில் 200 பவுண் உறுதியும், மறு முனையில் பென்னிக்கு 28 ஏக்கர் உறுதியும் கிடக்கின்றன. மலை கடந்தோரின் துணிவையும், மலையை இழந்தோரின் உரிமையையும் ஒருசேரக் கூறும்போதே அப்பாதையின் வரலாறு முழுமை பெறும்.